பனியை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள்: 2 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கான குளிர்காலக் கைவேலைகள்

டொரன்டோவில் டிசம்பர் கடைசியில் மாலை 4.45-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். லண்டனில் 4 மணிக்கு முன்பே, ஆஸ்லோவில் 3.15-க்கே. டேகேரிலிருந்து வந்த பிள்ளைக்கு ராச்சாப்பாடு வரை இரண்டு மூன்று மணி நேரம் கிடக்கும். வெளியே மைனஸ் 15. டிவியைப் போட்டுவிடலாம் என்று கை தானாக ரிமோட்டுக்குப் போகும் நேரம் அதுதான்.

அந்த நேரத்துக்கென்றே கடைகளில் கைவேலைப் பெட்டிகள் விற்கிறார்கள். பஞ்சு ஒட்டிய பனிமனிதன், மினுக்குத் தூள் தூவிய நட்சத்திரம். வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அவற்றை ஜூலையிலும் செய்யலாம். குளிர்காலம் மட்டுமே தருகிற பொருள்கள் நான்கு: பனி, பனிக்கட்டி, வறண்ட காற்று, சீக்கிரம் வரும் இருட்டு. நான்குக்கும் காசு வேண்டாம். சின்னப் பிள்ளையின் கையில் இவை நடந்துகொள்ளும் விதமே பாதி விளையாட்டு. உருகும், ஒட்டும், சுருங்கும், மின்னும். இங்கே சொல்லியிருப்பவை பெரும்பாலும் இந்த நான்கை வைத்துச் செய்பவை.

தொடங்குமுன்

பெரியவர் செய்ய வேண்டிய பாதி வேலை, பிள்ளை மேசைக்கு வருமுன்பே முடிந்திருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை ஒரு வேலையில் பத்து நிமிடம் நிலைத்தாலே நல்ல நாள். அதில் ஐந்து நிமிடத்தை நாம் கத்தரிக்கோல் தேடிக் கழித்தால் பிள்ளை எழுந்து போய்விடும். பொருளெல்லாம் எடுத்து வைத்து, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, அப்புறம் கூப்பிடுங்கள்.

தரையில் விரிக்கப் பழைய ஷவர் திரை நல்லது. பெட்ஷீட் தண்ணீரைக் கீழே விட்டுவிடும். மேலே ஒரு குளியல் துவாலை, நாலு பக்கமும் விளிம்புள்ள ஓவன் தட்டு ஒன்று, கூடவே ஒரு சின்ன வாளி. இவ்வளவு போதும்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், டாய்லெட் பேப்பர் உருளையின் அட்டைக் குழாயை ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்க்குள் நுழையும் எதுவும் அந்தப் பிள்ளையின் தொண்டையில் அடைக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மணி, பொத்தான், குட்டிப் பைன் காய், உடைந்த ஐஸ் துண்டு எல்லாம் இதில் சேரும்.

பனியை எங்கே அள்ளுகிறோம் என்பதும் முக்கியம். எவ்வளவு சொன்னாலும் ஒரு வாய் உள்ளே போகத்தான் செய்யும். சாலையோரப் பனியில் உப்பும் எண்ணெயும் கலந்திருக்கும். பால்கனியிலோ கொல்லைப்புறத்திலோ புதிதாக விழுந்ததின் மேல்பகுதியை மட்டும் அள்ளுங்கள்.

பனித்தட்டில் கோலம்

ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஏறக்குறைய 30-க்கு 45 செ.மீ. ஓவன் தட்டு. அதைக் கால் மணி நேரம் முன்பே பால்கனியில் வைத்துவிட வேண்டும். வீட்டுச் சூட்டில் இருக்கும் தட்டில் பனியைக் கொட்டினால் அடியில் உருகி, மொத்தப் பனியும் தட்டில் வழுக்கிக்கொண்டு திரியும். தட்டு குளிர்ந்ததும் முக்கால் வாளிப் பனியைக் கொட்டி, கையுறை போட்ட உள்ளங்கையால் தட்டிச் சமமாக்குங்கள். 2 செ.மீ. தடிமன் வேண்டும். தட்டிச் சமமாக்குவது பிள்ளையின் வேலை. அதிலேயே ஐந்து நிமிடம் போகும்.

மைனஸ் 10-க்குக் கீழே விழுந்த பனி மாவு மாதிரி உதிரும், பிடிக்காது. வீட்டுக்குள் பத்து நிமிடம் வைத்துவிட்டு, தண்ணீர் தெளிப்பானால் இரண்டு முறை லேசாகத் தெளித்தால் பிடித்துக்கொள்ளும். ஈரப்பனியாக இருந்தால் பிரச்சினை நேர்மாறு: சாயம் மையொற்றுத் தாளில் பட்டதுபோலப் பரவும். அப்போது தட்டை மறுபடி வெளியே இருபது நிமிடம் வைத்து இறுகவிடுங்கள்.

சாயத்துக்கு 100 மி.லி. தண்ணீரில் 8 முதல் 10 சொட்டு உணவுச் சாயம். தண்ணீர் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த குளிர்ந்த தண்ணீராக இருக்கட்டும். குழாயில் பிடித்த வெதுவெதுப்பான தண்ணீர் பனியில் குழி பறித்துக்கொண்டு அடிக்குப் போய்விடும், மேலே கோடு தெரியாது. கோடு கோடாகவே நிற்க வேண்டுமானால் தண்ணீரைச் சற்றுக் கெட்டியாக்க வேண்டும்: ஒரு கப் தண்ணீரில் 2 டீஸ்பூன் சோளமாவைக் கரைத்து, பளபளப்பு வரும்வரை காய்ச்சி, ஆறவைத்துச் சாயம் கலக்குங்கள். சோறு வடித்த கஞ்சி இருந்தால் அதுவே போதும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கூர்மூக்கு சாஸ் பாட்டில் சரி. மூன்று வயதுக்கு, குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் 5 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சு அருமையாக வேலை செய்யும். பாட்டிலை ஒரேயடியாக அமுக்கி மொத்தத்தையும் கொட்டிவிடுகிற ஆபத்து அதில் இல்லை.

இப்போது புள்ளி. இடைப்புள்ளிக் கோலம்தான் பனிக்குப் பொருத்தம். நடு வரிசையில் 3 புள்ளி, மேலே 2, கீழே 2. புள்ளிக்குப் புள்ளி 7 செ.மீ., வரிசைக்கு வரிசை 6 செ.மீ. இடைவெளி விட்டால் நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளிகளும் சம தூரத்தில் விழும். விரலாலோ மரக்கரண்டியின் காம்பாலோ பனியில் குழி வையுங்கள். பிள்ளை நடுவிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு இழுத்தால் ஆறு கைகள் வரும். பனிப்பூவுக்கும் ஆறு கைதான். மூன்று வயதுப் பிள்ளை கோடு இழுக்காமல் குழிகளில் மட்டும் நிறம் நிரப்பினால் அதுவே முழுக் கோலம். கோணலை நேராக்கக் கை நீட்டாதீர்கள். ஆறு வயதுக்கு, 5 புள்ளியில் தொடங்கி 3-ல் நிறுத்தும் இடைப்புள்ளி: 3, 4, 5, 4, 3 என மொத்தம் 19 புள்ளிகள். அதே இடைவெளியில் இந்தத் தட்டில் சரியாக அடங்கும்.

கடையில் வாங்கிய சாயத்துக்குப் பதில் மஞ்சளும் ஆகும். 100 மி.லி. வெந்நீரில் கால் டீஸ்பூன் மஞ்சள் தூள் கலந்து, வடிகட்டி ஆறவைத்து, இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் செம்பழுப்பாக மாறும். சுண்ணாம்பு பட்ட ஆரத்தித் தண்ணீர் சிவப்பது இதே காரணத்தால்தான்: மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். சிவப்புக் கோட்டின் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிள்ளை சொட்டுச் சொட்டாக விடட்டும். சாறு பட்ட இடம் லேசாக நுரைத்து, கண்ணெதிரே மஞ்சளாகும். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும்: மஞ்சள் கறை வெயிலில் மங்கும், ஆனால் ஜனவரியில் அப்படி ஒரு வெயில் கிடையாது. பழைய துணி போட்டுவிடுங்கள், வெள்ளைச் சமையல் மேடையில் வைக்காதீர்கள்.

கை விஷயம். மெல்லிய ரப்பர் பூச்சுள்ள கையுறை சிறந்தது. கம்பளிக் கையுறை நனைந்து, வெறுங்கையைவிட மோசமாகக் குளிரும். வெறுங்கையோடு ஐந்து நிமிடம் போதும். விரல் சிவந்து, எரிகிறது என்று சொன்னால் நிறுத்திவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வையுங்கள். சுடுதண்ணீர் கூடாது. குளிர்ந்த விரலுக்குச் சூட்டின் அளவு தெரியாது.

முடிந்ததும் தட்டை அப்படியே பால்கனியில் வைத்தால் அடுத்த வெயில் வரும்வரை கோலம் இருக்கும். உருகட்டும் என்றால், உயரமான ஒரு கண்ணாடிக் குவளையில் புதுப்பனியை நிரப்பி, எங்கே வரை இருக்கிறது என்று டேப் ஒட்டி, ஹீட்டர் பக்கத்தில் வையுங்கள். தண்ணீர் எங்கே வரை நிற்கும் என்று பிள்ளை ஊகித்து இன்னொரு டேப் ஒட்டட்டும். அநேகமாகப் பாதி என்று சொல்லும். அமுக்காத புதுப்பனி உருகினால் பொதுவாகப் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர், மிச்சம் காற்று.

கனடிய நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது 2016-ல். அந்த மாதத்தில் பள்ளியிலோ டேகேரிலோ பொங்கலுக்கு ஏதாவது செய்து காட்டச் சொன்னால், பள்ளி முற்றத்துப் பனியே போதும். பத்துப் பாட்டில் சாயத்தண்ணீர் கொண்டு போனால் ஒரு வகுப்பே கோலம் போடும்.

நிஜப் பனிப்பூ, பிறகு தாள் பனிப்பூ

தாளில் வெட்டுமுன் நிஜத்தைக் காட்டிவிட வேண்டும். பார்க்காத ஒன்றை வெட்டச் சொன்னால் அது வெறும் ஓட்டைத் தாள்.

கறுப்பு அல்லது கருநீலக் கம்பளித் துணியை ஒரு அட்டையில் சுற்றி, கால் மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள். துணி குளிராமல் இருந்தால் பூ விழுந்த நொடியே சொட்டாகிவிடும். பனி கொட்டும்போது வாசலில் அட்டையை நீட்டினால் பத்து விநாடியில் நாலைந்து விழும். பூதக்கண்ணாடியைப் பிள்ளையிடம் கொடுத்து, மூச்சைப் பக்கவாட்டில் விடச் சொல்லுங்கள். நேரே மூச்சு விட்டால் பார்க்கும்போதே கரைந்துவிடும். எல்லா நாளும் நட்சத்திரம் கிடைக்காது. மேகத்தில் மைனஸ் 15 டிகிரி வாக்கில் உருவாவதுதான் இலை இலையாகக் கிளைத்த ஆறு கைப் பூ. மைனஸ் 5 வாக்கில் மெல்லிய ஊசிகள் விழும். அதையும் காட்டுங்கள்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊர் விவசாயி வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து முதல் பனிப்பூவைப் படம் பிடித்தது 1885 ஜனவரி 15-ஆம் தேதி. நம் தைப்பொங்கல் நாள்கள். அதற்குப் பிறகு 5,000-க்கும் மேல் எடுத்தார். அவர் படங்களில் சிலவற்றைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டு வெட்டத் தொடங்குங்கள். ஆறு கை ஏன் என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்டால்: தண்ணீரின் நுண்துகள்கள் உறையும்போது தேன்கூட்டு அறை மாதிரி ஆறு மூலையாகத்தான் கைகோக்கும், அந்த ஆறு மூலையிலிருந்தும் கை வளர்கிறது.

மடிப்பு. 15 செ.மீ. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளமான விளிம்பு கீழே, உங்கள் பக்கம் இருக்கட்டும். அந்த விளிம்பின் நடுப்புள்ளிதான் பூவின் மையம். அங்கிருந்து வலது மூலையை மேலே இடப்பக்கமாகவும், இடது மூலையை அதன் மேல் வலப்பக்கமாகவும், மூன்று சம பங்காக மடியுங்கள். மூன்றும் சமமா என்று பார்க்க ஒரே வழி, அழுத்தி மடிக்குமுன் இரண்டு பக்கமும் விளிம்போடு விளிம்பு ஒட்டுகிறதா என்று நகர்த்திப் பார்ப்பது. சரியானதும் அழுத்துங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காதுகளை வெட்டிவிடுங்கள். இப்போது கையில் இருப்பது 6 அடுக்கு. இன்னொரு முறை நேர்பாதியாக மடித்தால் 12.

சின்னக் கைகள் தோற்பது இங்கேதான். சாதாரண அச்சுத் தாளில் 12 அடுக்கைக் குழந்தைக் கத்தரிக்கோல் வெட்டாது, மென்று தின்னும். பிள்ளை தனக்கு வெட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். டிஷ்யூ தாள், மெல்லிய ஓரிகாமி தாள், இல்லாவிட்டால் வடிகட்டிக் காபி இயந்திரத்தில் போடும் வட்டத் தாள் எடுங்கள். அந்த வட்டத் தாளில் காது வெட்டும் வேலையும் மிச்சம்: பாதியாக மடித்து, மூன்றாக மடித்தால் தீர்ந்தது. நாலு வயதுக்கு 6 அடுக்கோடு நிறுத்துங்கள். மூன்று வயதுக்கு வெட்டுவதை விட்டுவிட்டு, மடித்த ஓரத்தைக் கையால் கிள்ளிப் போடச் சொல்லுங்கள். கிள்ளிய ஓரம் நிஜப் பனி மாதிரியே இருக்கும்.

பூ துண்டு துண்டாகக் கையில் வந்தால், ஒரு மடிப்பிலிருந்து எதிர் மடிப்பு வரை வெட்டு போய்விட்டது என்று பொருள். வெட்டுமுன் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் பென்சிலால் "சாலை" வரைந்து, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டால் போதும். எட்டுக் கை வந்தால், மூன்றாக மடிக்க வேண்டிய இடத்தில் பாதி பாதியாக மடித்திருக்கிறீர்கள். விரித்ததும் மேலே ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் தட்டையாகும். ஜன்னலில் ஒட்டப் பசை வேண்டாம். டிஷ்யூ தாளானால் பால் தொட்ட தூரிகையால் நாலு இடத்தில் தொட்டு ஒட்டுங்கள். எடுக்கும்போது ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும்.

நூலில் தொங்கும் ஐஸ்

ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் ஐஸ் கட்டியை மிதக்கவிடுங்கள். பருத்தி நூலை நனைத்து அதன் மேல் படுக்கவைத்து, ஒரு சிட்டிகை தூள் உப்பு. ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை பாட்டுப் பாடிக்கொண்டு காத்திருங்கள். தூக்கினால் கட்டி நூலோடு வரும். உப்பு பட்ட இடம் முதலில் உருகுகிறது. உருகிய தண்ணீரில் உப்பு நீர்த்துப்போனதும், சுற்றியிருக்கும் ஐஸின் குளிர் அதை மறுபடி உறையவைத்து நூலைப் பிடித்துக்கொள்கிறது. கட்டி வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: உப்பு அதிகம். வாசலில் பனி உருக உப்புப் போடுவதும் இதே வேலைதான் என்பதை மறுநாள் நடைபாதையில் காட்டுங்கள்.

உப்பும் ஐஸும் சேர்ந்த கலவையைப் பிள்ளை கையில் வைத்து அழுத்தவிடவே கூடாது. பூஜ்யத்துக்கு வெகு கீழே, மைனஸ் 20 வரைகூட அது குளிரும். தோலைச் சுட்டுக் கொப்பளம் போடும். உப்புப் போடுவது பெரியவர், நூலைத் தூக்குவது பிள்ளை.

பனிக்கட்டி விளக்கு

கார்த்திகை விளக்கீடு நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் பாதியிலோ வரும். வாசலில் அகல் ஏற்றினால் காற்று விடாது. பின்லாந்திலும் சுவீடனிலும் வாளியில் உறையவைத்துச் செய்கிற பனிக்கட்டி விளக்கு அந்த நாளுக்கு அவ்வளவு பொருத்தம்.

வெளியே மைனஸ் 10 இருந்தால்: 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, மேலே 3 செ.மீ. விட்டு, மடித்த துவாலை மேலோ பனி மேலோ வெளியே வையுங்கள். ஏறக்குறைய 12 மணி நேரம். குளிர்காற்று படும் பக்கங்களும் மேல்பகுதியும் முதலில் உறையும், மூடி வைத்ததுபோல இருக்கும் அடி கடைசியில் உறையும். வாளியை உள்ளே கொண்டு வந்து பத்து நிமிடம் வைத்துக் கவிழ்த்தால் வழுக்கி வரும். அடிப்பக்கம் மெல்லிசாக இருக்கும். அதை உடைத்து உள்ளே உறையாத தண்ணீரைக் கொட்டினால் குழிவான விளக்கு. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். தண்ணீர் உறையும்போது தன்னுள் கரைந்த காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். வெண்மையாகக் கலங்கும் அந்தப் பகுதியைத்தான் நாம் கொட்டிவிடுகிறோமே. மைனஸ் 20 என்றால் பாதி நேரத்தில் பாருங்கள். மறந்துவிட்டால் முழுக்க உறைந்து வாளி பிளக்கும், தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கிறது. இதே காரணத்தால் கண்ணாடிப் பாத்திரத்தில் இதைச் செய்யக் கூடாது.

குளிர் போதாத நாளில் ஃபிரீசர். 4 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் 2 செ.மீ. தண்ணீர் ஊற்றி உறையவிடுங்கள், மூன்று நாலு மணி நேரம். அதன் மேல் அரைக்கிலோ தயிர் டப்பாவை நடுவில் வைத்து, உள்ளே கூழாங்கல் நிரப்பி, மேலே குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள். கல் போடாவிட்டால் தயிர் டப்பா மிதந்து ஓரத்துக்குப் போய்விடும், ஒரு பக்கச் சுவர் மெல்லிசாகி உடையும். இடைவெளியில் ஆரஞ்சு வில்லை, சிவப்புக் கிரான்பெரி, பைன் ஊசிக் கொத்து, ரோஜா இதழ் எதையும் பிள்ளை சொருகலாம். பாதி வரை தண்ணீர் ஊற்றி உறையவிட்டு, பிறகு மீதியை ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் எல்லாம் மேலே மிதந்து ஒரே வளையமாக உறைந்துவிடும். ஓர் இரவு கழித்து, தயிர் டப்பாவுக்குள் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதை உருவுங்கள், வெளி டப்பாவின் மேல் குழாயின் குளிர்ந்த தண்ணீரை விடுங்கள். அவசரத்துக்குச் சுடுதண்ணீர் விட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், விரிசல் குறுக்கே ஓடிவிடும்.

உள்ளே வைக்க பேட்டரி எல்.இ.டி. விளக்கு. பேட்டரிக் கதவு திருகாணியால் மூடியதாக இருக்க வேண்டும். அதில் இருக்கும் பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டியதுதான்.

வறண்ட காற்றின் பரிசுகள்

வெளிக் குளிர்காற்றில் ஈரம் குறைவு. அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடாகும்போது இன்னும் வறண்டதாகிவிடும். உதடு வெடிப்பதும் கதவுக் குமிழைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் பாய்வதும் இதனால்தான். டிஷ்யூ தாளில் எறும்பும் மீனும் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டு, பிளாஸ்டிக் சீப்பைக் கம்பளிச் சட்டையில் இருபது தரம் தேய்த்துக் காட்டினால் அவை துள்ளி எழும். எண்ணெய் வைத்த தலையில் தேய்த்தால் வராது.

இதே வறட்சி, மாவுப் பொம்மைக்கு வரம். மழைக்காலச் சென்னையில் வாரக்கணக்கில் காயாமல் கசிந்துகொண்டிருக்கும் உப்பு கலந்த மாவுப் பொம்மை இங்கே ஹீட்டர் ஓடும் அறையில் மூன்று நாலு நாளில் காய்ந்துவிடும். அளவு: 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, முக்கால் முதல் ஒரு கப் வரை தண்ணீர். தண்ணீரைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பத்து நிமிடம் சப்பாத்தி மாவைப் போலப் பிசைய வேண்டும். 6 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து வடிவம் வெட்டி, தொங்கவிட ஸ்ட்ராவால் ஓட்டை போடுங்கள். காய்ந்த பிறகு ஓட்டை போட முடியாது. ஓவனில் என்றால் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு முதல் மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். பொம்மை உப்பி எழும்பினால் ஓவனில் சூடு அதிகம், அல்லது பேக்கிங் பவுடர் சேர்ந்த மாவை வாங்கிவிட்டீர்கள். வெடித்தால் மேல்புறம் மட்டும் சீக்கிரம் காய்ந்துவிட்டது. காற்றில் காயவைக்கும்போது முதல் நாள் மேலே மெல்லிய துணி போட்டு மூடுங்கள்.

இந்த மாவு வாயில் போவதற்கல்ல. இத்தனை உப்பு சின்னக் குழந்தைக்கும் வீட்டு நாய்க்கும் ஆபத்து. வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம். எதையும் வாயில் வைக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இடியாப்ப மாவுதான் சரி. வறுத்த அரிசி மாவு ஒரு கப், ஏறக்குறைய ஒரு கப் கொதிநீர், ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பிசைந்து கொடுங்கள். இடியாப்ப உரலில் போட்டு இரண்டு பேருமாக அமுக்கினால் நூல் நூலாக விழும். அதுதான் பனிமனிதனின் முடி. அரை மணி நேரத்தில் வறளும், ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

பைன் காய் இருந்தால் ஒரு வேடிக்கை. விரிந்த காயைத் தண்ணீரில் போட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் செதில்களை மூடிக்கொள்ளும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் விடிவதற்குள் திறந்துவிடும். ஒவ்வொரு செதிலிலும் இரண்டு அடுக்கு. ஈரத்தில் ஒன்று மற்றதைவிட அதிகமாக நீள்வதால் செதில் வளைகிறது. ராத்திரி மூடியிருந்த காய் காலையில் திறந்திருப்பதைக் காணும் பிள்ளை, அதை உயிருள்ளது என்றே நினைக்கும். வெளியே பொறுக்கிய காயை முதலில் 95 டிகிரி செல்சியஸ் ஓவனில் அரை மணி நேரம் வைத்துவிடுங்கள், உள்ளே பூச்சி இருக்கும்.

ஜன்னல் உறைபனி மாதிரி ஓவியம் வேண்டுமானால் பேதியுப்பு, அதாவது எப்சம் உப்பு. அரை கப் உப்பை அரை கப் கொதிநீரில் கரைத்து, ஆறியதும் கருநீலத் தாளில் தூரிகையால் தடவச் சொல்லுங்கள். காய்ந்ததும் ஊசி ஊசியாகப் படிகம் பூக்கும். ஒரே இடத்தில் குளமாகத் தேங்கவிட்டால் வெள்ளைப் பொருக்காகிவிடும். போராக்ஸ் கொண்டு படிகம் செய்யும் குறிப்புகள் நிறையக் கண்ணில் படும். போராக்ஸை வீட்டுக் கைவேலையில் தவிர்க்குமாறு கனடிய சுகாதாரத் துறை 2016-லேயே சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம்.

மார்ச் மாதத்துக் கடைசிப் பனியில் ஒரு கைப்பிடி மிச்சம் வையுங்கள். ஆரஞ்சு அளவுக்கு உருட்டி, இறுக்கி அமுக்கி, காற்றை வெளியேற்றி ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு ஃபிரீசரின் அடியில், கதவிலிருந்து தள்ளி வையுங்கள். பை சரியாக மூடாவிட்டால் பனி உருகாமலே காற்றில் கரைந்து, நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கிப்போகும். நன்றாக மூடியிருந்தால் ஜூலையில் குளியல் தொட்டித் தண்ணீரில் பிள்ளை அதை மிதக்கவிடலாம்.